இலவசக் கதைகளுக்குக் காசு கேட்கலாமா?

கேள்வி:
நான்கு வருடமாக ஞாயிறுதோறும் ஒரு சிறுவர் கதையை என் குரலில் பதிவு செய்து இலவசமாகத் தருகிறேன். 190 கதைகள் ஆகிவிட்டன. இப்போது மைக் பழுது. புதியது 8,000 ரூபாய். கேட்பவர்களிடம் உதவி கேட்க நா எழவில்லை. எப்படிக் கேட்பது?

பதில் 1:
கதை முடிந்ததும் உங்கள் குரலிலேயே கேளுங்கள். கழைக்கூத்தாடி ஆட்டம் முடிந்து தட்டு நீட்டுவதில்லையா? மைக், 8,000 என்று தெளிவாகச் சொல்லுங்கள். என் மகள் உங்கள் கதை கேட்டுத்தான் தூங்குகிறாள். நான் தருவேன்.

பதில் 2:
மாதாமாதம் வேண்டுமென்றால், கேட்பவர் ஒருமுறை ஒப்புக்கொண்டால் பணம் தானாக வரும் யுபிஐ ஆட்டோபே வையுங்கள். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி விதி மாறியதும், நான் ஆதரித்த ஓவியருக்குக் கார்டிலிருந்து தானாகப் போன பணம் நின்றுவிட்டது. மூன்று மாதம் கவனிக்கவே இல்லை.

கேட்டவர்:
சரி, இந்த ஞாயிறே கேட்கிறேன். காசு தராதவர்களுக்கும் கதை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.