வாரத்துக்கு (பங்குக்கு வளர்க்க) மாடு விடுறது: முன்னுக்கே என்னென்ன பேசி வைக்க வேணும்?

பரந்தன்_01:

எங்களிட்ட ஜேர்சிக் கலப்புப் பசு ஒண்டு நிக்குது. ரெண்டு ஈத்துக் கண்ட மாடு, இப்ப ஐஞ்சு மாசச் சினை. கூடவே 14 மாச நாகு (இன்னும் ஈனாத இளம் பசு) ஒண்டு. வீட்டில பார்க்க ஆள் இல்லாமல் போகுது, விக்கவும் மனமில்லை. ஒட்டுசுட்டான் பக்கம் தெரிஞ்ச குடும்பம் ஒண்டு ரெண்டையும் வாரத்துக்குக் கேக்குது. பால் அவைக்கு, கன்று பாதிப் பாதி, ரெண்டு வருசத்தால திருப்பித் தாறம் எண்டு சொல்லுகினம். நல்ல சனம்தான். ஆனால் மாட்டு வாரத்தால முகம் முறிஞ்ச கதையள் எல்லாருக்கும் தெரியும். எதை எதை முதலே பேச வேணும்? எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னால் கோவிப்பினமோ?

குளக்கட்டு:

"ரெண்டு வருசம்" எண்ட பேச்சை முதல்ல விடுங்கோ. மாட்டுக்கு ஈத்துக் கணக்குத்தான் சரி. சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள், அப்ப உங்கட மாடு இன்னும் நாலு மாசத்தில ஈனும். நல்லாப் பார்த்தால் வருசத்துக்கு ஒரு கன்று. மேய்ச்சலை நம்பி நிக்கிற கலப்பு மாட்டுக்கு 15, 16 மாசம் இழுபடுறது வழமை. கூட்டிப் பாருங்கோ: ரெண்டு வருசம் முடியிற நாளில அது அடுத்த கன்றை ஈண்டு நல்ல கறவையில நிக்கும். பால் கொட்டுற மாட்டை அவிழ்த்து விட யாருக்கு மனம் வரும்? நீங்கள் தேதியைக் காட்டுவியள், அவை பால் கணக்கைக் காட்டுவினம். அதுக்குப் பதிலாய் "அங்க ரெண்டாவது கன்று ஈண்டு ஆறு மாசத்தில, இல்லாட்டில் மொத்தம் 30 மாசத்தில, எது முந்துதோ அதில" எண்டு எழுதுங்கோ. ஆறு மாசம் எண்டால் பாலும் இறங்கத் தொடங்கியிருக்கும், அடுத்த சினை நிண்டிருந்தாலும் ஏத்தி இறக்கலாம். பால் வத்தட்டும் எண்டு காத்திருந்தால் மாடு ஏழு மாசச் சினையில நிக்கும். அப்ப லொறியில ஏத்துறது கூடாது.

அடுத்தது கன்று. வயித்தில இருக்கிறது உங்கட செலவில பட்ட சினை, அதில பங்கு குடுக்கத் தேவையில்லை எண்டு சிலர் சொல்லுவினம். நியாயம்தான், ஆனால் உங்களுக்கே நட்டம். 25 கிலோக் கன்றுக்கு ஒரு நாளைக்கு அதின்ர நிறையில பத்திலொரு பங்கு, அதாவது இரண்டரை லீற்றர் பால் வேணும். பால் அவைக்கு, கன்று முழுக்க உங்களுக்கு எண்டால் கன்று குடிக்கிற ஒவ்வொரு லீற்றரும் அவையின்ர கையால போற காசு. கன்று வயிறு ஊதி, மயிர் சிலிர்த்து நிக்கிறதைப் பார்த்துக் குற்றம் சொல்லி வேலையில்லை. முதல் கன்றிலயே பாதி குடுங்கோ. கூடவே முதல் மூண்டு மாசம் ஒரு காம்பு கன்றுக்கு எண்டு பேசுங்கோ.

பாதி எண்டால் என்ன எண்டதையும் தெளிவாக்குங்கோ. நாகுக்கன்றுக்கும் நாம்பன் (காளை) கன்றுக்கும் விலை மலையும் மடுவும். "முதல் கன்று எனக்கு, அடுத்தது உனக்கு" எண்டு பிரிச்சால் கடவுள் விட்ட வழி. கன்றுக்கு ஆறு மாசமானதும் ஒராள் விலை சொல்ல வேணும், அந்த விலைக்குப் பாதிக் காசு குடுத்துக் கன்றை எடுக்கிறதோ, பாதிக் காசை வாங்கிக்கொண்டு விடுறதோ எண்டு மற்றாள் முடிவெடுக்க வேணும். விலையைக் கூட்டிச் சொன்னாலும் குறைச்சுச் சொன்னாலும் சொன்னவருக்குத்தான் அடி.

நாகை இதே ஒப்பந்தத்தில சேர்க்காதேங்கோ. அது பால் தர எப்பிடியும் ஒண்டரை வருசம் செல்லும், அதுவரைக்கும் தீன் போடுறவைக்கு ஒரு வருமானமும் இல்லை. வளர்ந்த நிறையில பங்கு குடுங்கோ. முன்னங்காலுக்குப் பின்னால நெஞ்சுச் சுற்றளவையும், தோள்முனையில இருந்து வாலடிப் பக்கத்து எலும்பு முனைவரை நீளத்தையும் சென்ரிமீற்றரில அளந்து, சுற்றளவை அதாலயே பெருக்கி, திரும்ப நீளத்தால பெருக்கி, 10,840 ஆல பிரியுங்கோ. சுற்றளவு 130, நீளம் 110 எண்டால் ஏறத்தாழ 171 கிலோ வரும். பத்து வீதம் முன்பின் இருக்கலாம், ஆனால் ரெண்டு தரமும் ஒரே நாடாவால, காலைத் தீனுக்கு முன்னம் அளந்தால் வித்தியாசம் சரியாய் வரும். கூடின நிறையின்ர பெறுமதியில பாதி அவைக்கு.

மருந்துப்பெட்டி:

மேல சொன்னது சரி. நான் மாட்டின்ர உடம்பைப் பற்றி மட்டும் சொல்லுறன்.

ஏத்திறதெண்டால் இந்த மாசத்துக்குள்ள ஏத்துங்கோ. பிந்தினால் ஈண்டு ஆறு கிழமை போகட்டும். ஏத்த முன்னம் கால்-வாய் நோய்க்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி போட்டு மூண்டு கிழமையாவது விடுங்கோ. ஊசி போட்ட கையோட ஏத்தினால் பாதுகாப்பு வர முதல் மாடு புதுப் பட்டிக்குள்ள போயிடும். 2020இல வடக்கில இறங்கின தோல் கழலை நோயையும் கேட்டுப் பாருங்கோ, அதுக்குத் தடுப்பூசி வேற. சினை கலைக்கிற கன்று வீச்சு நோய்க்கு இரத்தம் எடுத்துச் சோதிக்கலாம். உங்கட மாட்டுக்கு மட்டுமில்லை, அவையின்ர மாடுகளுக்கும். ஐஞ்சு மாசத்துக்குப் பிறகு கன்று விழுந்தால் முதல் சந்தேகம் அதிலதான். காய்ச்சாத பாலால மனிசருக்கும் தொத்தும். அங்க போனதும் ரெண்டு, மூண்டு கிழமை தனியக் கட்ட வேணும், தண்ணித் தொட்டியும் தனிய.

மாடு ஏத்த அனுமதி வேணும், இல்லாட்டில் சோதனைச் சாவடியில மறிபடுவியள். கால்நடை வைத்தியர் அலுவலகத்தில தொடங்குங்கோ. உரித்தைக் கிராம அலுவலர் உறுதிப்படுத்துவார். இதில உங்கட ரெண்டாவது கேள்விக்கும் விடை இருக்கு. "அனுமதிக்கு எப்பிடியும் கடதாசி எழுதத்தான் வேணும், அதோட இதையும் எழுதுவம்" எண்டால் ஒருத்தரும் கோவியார். காது வில்லை இலக்கம், சுட்ட குறி, கொம்பு, ரெண்டு பக்கப் படம், நாலு காம்பிலயும் பால் வருதோ எண்டது எல்லாம் அதில இருக்கட்டும். காம்பு ஒண்டு அடைபட்டுத் திரும்பி வந்தால், "உங்களிட்ட இருக்கேக்கையே அப்பிடித்தான்" எண்ட பேச்சுக்கு இடமில்லை.

சினைப்படுத்துறது ஆற்ர முடிவு எண்டு எழுதுங்கோ. மாடு காலையில வேட்கைக்குக் கத்தினால் அண்டு பின்னேரம் சினை ஊசி, பின்னேரம் கத்தினால் அடுத்த நாள் காலை. வேட்கை அரை நாளுக்குக் கொஞ்சம் மேலதான் நிக்கும், பிந்தினால் 21 நாள் வீண். பட்டியோட காட்டுக்கு விட்டால் நாட்டு நாம்பன் முந்தியிடும். பிறகு கலப்புக் கன்றை எதிர்பார்த்த நீங்கள் ஏமாறுவியள். நாகுக்கு மறுவளமாய்ப் பயம்: பெரிய இனத்து ஊசி போட்டால் கன்று பெருத்து ஈனேலாமல் போகும். அதுக்கு ஜேர்சி போதும்.

மருந்துச் செலவுக்கு ஒரு எல்லை வையுங்கோ. உண்ணி, பூச்சிமருந்து, சின்னக் காயம் அவையோட. மடிவீக்கமும் அவையோட, ஏனெண்டால் அது கறக்கிற கையால வாறது. ஈனேக்க கன்று தடக்கினது, சத்திரசிகிச்சை எண்டால் பாதிப் பாதி. மாடு செத்தால் புதைக்க முன்னம் கால்நடை வைத்தியர் பார்த்துக் கடிதம் தர வேணும், காது வில்லையை உங்களிட்ட ஒப்படைக்க வேணும். இந்த ரெண்டும் இல்லாட்டில் செத்ததோ வித்ததோ எண்ட கதை எழும்பும். கமத்தொழில் கமநலக் காப்புறுதிச் சபையில மாட்டுக் காப்புறுதி இருக்கு. இடம் மாறுறதைச் சபைக்கு முதலே அறிவியுங்கோ.

வைக்கல்போர்:

தீனைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லையே! வாரம் குழம்புறது ஆடி, ஆவணியில. புல்லு கருகிக் குளம் அடிக்குப் போன நேரத்தில ஆர் காசு போட்டுத் தீன் வாங்கிறது? காலபோகம் (மாரி நெல்) விதைச்சால் வயலுக்குள்ள மாடு விடேலாது, காட்டுக்கரைக்குக் கொண்டு போக வேணும். கலப்பு மாடு அப்பிடி நடந்து மேயாது, மெலிஞ்சிடும். நெல்லு வெட்டு முடிய வைக்கலைச் சேர்த்துப் போர் போடுறது அவையின்ர பொறுப்பு எண்டும், புண்ணாக்கில பாதி உங்கட பொறுப்பு எண்டும் பேசலாம். கறவையில மூண்டு லீற்றருக்கு ஒரு கிலோ அடர்தீன் கணக்கு.

வெறும் வைக்கலில சத்தில்லை. 100 கிலோ வைக்கலுக்கு 4 கிலோ யூரியாவை 60 முதல் 80 லீற்றர் தண்ணியில கரைச்சு, அடுக்கடுக்காய்த் தெளிச்சு, மிதிச்சு, பொலித்தீனால காத்துப் போகாமல் மூடி மூண்டு கிழமை விட வேணும். திறந்து ஒரு மணித்தியாலம் ஆற விட்டுத்தான் போட வேணும். யூரியாத் தண்ணியை மாடு நேர குடிச்சால் செத்துப் போகும், வாளியைக் கூட எட்டத்தில வையுங்கோ. ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச கன்றுக்கு இந்த வைக்கல் வேண்டாம்.

அவையின்ர வளவையும் ஒருக்கால் போய்ப் பாருங்கோ. கட்டில்லாத கிணறு, வீதியோரம், வேலிக்கு அங்கால கண்ணிவெடிக்குச் சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிக்கிற காணி, இதுகளுக்குக் கிட்ட அவிழ்த்து விடுறதெண்டால் நான் குடுக்கமாட்டன். அயலவன்ர பயிருக்குள்ள மாடு போனால் நட்டஈடு வைச்சிருக்கிறவர்தான் கட்ட வேணும் எண்டதையும் எழுதுங்கோ, இல்லாட்டில் சொந்தக்காரரைத்தான் தேடி வருவினம்.

பரந்தன்_01:

எல்லாருக்கும் நன்றி. நாகைத் தனிய எழுதுறன். இன்னும் ஒண்டு: அங்க போய் முதல் கன்றுக்குப் பிறகு மாடு சினை நிக்காமலே இருந்தால்?

மருந்துப்பெட்டி:

மூண்டு தரம் ஊசி போட்டும் நிக்காட்டில் வைத்தியர் கையால பார்க்க வேணும் எண்டு எழுதுங்கோ. கனதரம் மெலிவும் தாது உப்பு இல்லாததும்தான் காரணம், அதுக்குத் தீன்தான் மருந்து. ஊசி போட்டு 60, 70 நாளில சினை பார்த்த சீட்டின்ர படத்தை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கோ. கருப்பையில வருத்தம் எண்டு வைத்தியர் சொன்னால் அண்டோட வாரம் முடிஞ்சுது, பால் வத்தினதும் மாடு உங்களிட்ட.

குளக்கட்டு:

லொறிக் கூலியை மறந்திடாதேங்கோ. கொண்டு போறது அவை, திருப்பி ஏத்துறது நீங்கள். தட்டில மண்ணோ வைக்கலோ பரவாமல் ஏத்தினால் சறுக்கி விழும்.