‘கோபல்ல கிராமம்’ முடிச்சாச்சு, அடுத்து எந்த நாவல்?

காவேரிப்பட்டணம் வாசகி:
வணக்கம். கி.ரா.வின் (கி. ராஜநாராயணன்) ‘கோபல்ல கிராமம்’ நாவல் படிச்சு முடிச்சு மூணு வாரம் ஆச்சு. அதுக்கப்புறம் எடுத்த ரெண்டு நாவலும் முப்பது பக்கம் தாண்டல. ரெண்டுமே நல்ல பேர் வாங்கினதுதான். வீட்டில் தெலுங்கு பேசுவோம், அதனால தெலுங்கு பேசுறவங்க தெற்கே ஓடி வந்து குடியேறுற அந்த இடம்பெயர்வுக் கதை ரொம்ப நெருக்கமா இருந்தது. நேரா அதோட இரண்டாம் பாகம் ‘கோபல்லபுரத்து மக்கள்’ எடுத்துடலாமா, இல்ல வேற ஏதாவது படிச்சுட்டு வரலாமா? முதலில் நூலகத்தில் பார்த்துவிட்டு, கிடைக்கலன்னா வாங்கிக்கலாம்னு இருக்கேன். ரொம்பத் தடிமனா இருந்தா இப்போதைக்கு வேண்டாம்.

தகடூர் வாசகர், தருமபுரி:
உடனே இரண்டாம் பாகம் வேண்டாங்க. முதல் நாவலில் நம்மை உட்கார வைப்பது மங்கத்தாயாரு அம்மாளின் குரல். 137 வயதுப் பாட்டி சொல்லச் சொல்ல ஊரே கேட்கிற கதை அது. ‘கோபல்லபுரத்து மக்கள்’ வேறு வகை. கிட்டப்பன், அச்சிந்தலு காதலில் தொடங்கிச் சுதந்திரப் போராட்டக் காலத்துக்குள் போய்விடும். பாட்டியைத் தேடிக்கொண்டே படித்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நல்ல நாவல். நடுவில் வேறு ஒன்றிரண்டு படித்துவிட்டு எடுத்தால் அதற்குரிய நியாயம் கிடைக்கும்.

அந்த இரண்டு நாவல்கள் நின்றுபோனதற்கும் காரணம் இதே போல ஒன்றாக இருக்கும். “இதுவும் கிராமத்துக் கதைதானே” என்று பொருளைப் பார்த்து எடுத்திருப்பீர்கள். பிடித்துப்போனது பொருளாக இல்லாமல், சொல்லும் முறையாக இருக்கலாம். ஒரு தாளை எடுத்து, புத்தகத்தைத் திறக்காமல், நினைவில் நிற்கிற மூன்று இடங்களை எழுதுங்கள். மூன்றும் பாட்டி பேசும் இடங்களா, ஓடி வருகிற வழியா, காட்டைத் திருத்திக் குடியேறுகிற வேலைகளா என்று பாருங்கள். எது இரண்டு முறை வருகிறதோ அதை வைத்துத்தான் அடுத்த நாவல்.

காவேரிப்பட்டணம் வாசகி:
எழுதிப் பார்த்தேன் அண்ணா. தண்ணி குடிக்கக் குனிஞ்ச கர்ப்பிணியை அமுக்கிக் கொல்றவனோட கால் பெருவிரலை அவ பல்லால கவ்விக்கிற இடம். சென்னாதேவிங்கிற பொண்ணைக் காப்பாத்த ஊரை விட்டுக் கிளம்பி ஓடி வர்றது. அடுத்து ஆத்தைக் கடக்க மரம் வளைஞ்சு கொடுக்கிறது. ரெண்டு ஓட்டம், ஒரு கொலை.

தகடூர் வாசகர், தருமபுரி:
அப்படியென்றால் யோசிக்கவே வேண்டாம், பூமணியின் ‘வெக்கை’ (1982). கொலை செய்துவிட்டு ஓடும் பதினைந்து வயதுச் சிதம்பரமும் அவன் அப்பாவும் எட்டு நாள் காட்டில் ஒளிந்து திரிகிறார்கள். என்ன சமைத்தார்கள், எங்கே படுத்தார்கள், எந்தப் பக்கம் தண்ணீர் என்பதெல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அளவும் சிறியது. ‘அசுரன்’ படத்துக்கு மூலம் இதுதான். படம் பார்த்திருந்தாலும் பரவாயில்லை, நாவலின் நடை முற்றிலும் வேறு.

ஒரு எச்சரிக்கை. மண் அதே கரிசல் என்றாலும் பூமணி கி.ரா. போலக் கதை சொல்லி மடியில் உட்கார வைக்க மாட்டார். விளக்கம் குறைவு, பேச்சு அதிகம். முதல் பத்துப் பக்கம் யார் யாரென்று குழம்பும், அங்கே வைத்துவிடாதீர்கள். வட்டாரச் சொல் தடுத்தால் கி.ரா.வே தொகுத்த ‘வட்டார வழக்குச் சொல்லகராதி’ இருக்கிறது. ஆனால் சொல்லுக்குச் சொல் புரட்டினால் ஓட்டம் செத்துவிடும். அத்தியாயம் முடிந்தபின் பாருங்கள்.

ஓசூர் தேர்ப்பேட்டை:
‘வெக்கை’ சரியான தேர்வு. கூடவே ஒன்று சேர்க்கிறேன். பாட்டியின் குரல் மறுபடி வேண்டும் என்று தோன்றும் நாளுக்கு நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968). இரணியல் பக்கத்துக் குடும்பம், உண்ணாமலை ஆச்சி பழங்கதை சொல்லத் திரவி கேட்பான். குமரி மாவட்டப் பேச்சு நம் பக்கத்துக் காதுக்குக் கொஞ்சம் முரடாகத் தெரியும். வாய்விட்டுப் படித்தால் இரண்டு அத்தியாயத்தில் பழகிவிடும்.

நம் எல்லைப் பக்கத்து வாசகர்கள் கன்னட நாவல்களை விட்டுவிடக் கூடாது. சிவராம காரந்தின் மூன்று தலைமுறைக் கதை தமிழில் ‘மண்ணும் மனிதரும்’ என்ற பெயரில் வந்திருக்கிறது. கடலோர மழை மண். ஆனால் ஒரு குடும்பம் நிலத்தோடு மல்லுக்கட்டுகிற விதம் கோபல்லத்தின் குடியேற்றப் பகுதிகளை நினைவூட்டும்.

இப்போதைக்குத் தவிர்க்க வேண்டியவை: பூமணியின் ‘அஞ்ஞாடி’ ஆயிரம் பக்கத்துக்கு மேல், பா. வெங்கடேசனின் ‘தாண்டவராயன் கதை’ நீண்ட நீண்ட வாக்கியங்களால் ஆனது. இரண்டும் பெரிய படைப்புகள். ஆனால் ஒரு நாவலின் மயக்கம் தெளியாத நிலையில் எடுத்தால் பாதியில் நின்று, நாவல் மேலேயே வெறுப்பு வரும்.

அரூர் நூலக நண்பர்:
கிருஷ்ணகிரி மாவட்ட மைய நூலகத்துக்குப் போனால் அலமாரியில் பெயர் தேடி அலையாதீங்க, புத்தக முதுகில் ஒட்டிய சீட்டைப் பாருங்க. நம் அரசு நூலகங்கள் பலவற்றில் நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் கோலன் பகுப்பு முறைதான், அதாவது எழுத்தும் எண்ணும் கொடுத்துப் புத்தகங்களை வகை பிரித்து அடுக்கும் முறை. அதில் O என்ற ஆங்கில எழுத்தும் 31,3 என்ற எண்ணும் இருந்தால் தமிழ்ப் புனைகதை. அதையடுத்து N என்ற ஆங்கில எழுத்தும் 23-உம் இருந்தால் 1923இல் பிறந்த ஆசிரியர், அதாவது கி.ரா. பூமணிக்கு 47. ஆசிரியர் பிறந்த வருடத்தை வைத்து அடுக்குவதால், கி.ரா.வுக்குப் பக்கத்துத் தட்டிலேயே 21 என்ற எண்ணில் தி. ஜானகிராமன் இருப்பார். ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் வரிசையாக நிற்பார்கள். எனக்குத் தெரிந்து புது நாவல் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. சின்னக் கிளை நூலகங்களில் இந்த ஒழுங்கு கலைந்து கிடக்கும், அங்கே நூலகரைக் கேட்பதே வேகம்.

எடுத்த புத்தகத்தை நின்ற இடத்திலேயே சோதித்துவிடுங்க. முதல் இரண்டு பக்கம், பிறகு அறுபதாம் பக்கத்தை ஒட்டி ஒரு பக்கம். தொடக்கத்தை எல்லா எழுத்தாளரும் இழைத்து இழைத்துச் செய்திருப்பார்கள். உண்மையான நடை அறுபதில்தான் தெரியும். அப்படியே கடைசிப் பக்கங்கள் கிழியாமல் இருக்கிறதா என்றும் பாருங்க, அதிகம் சுற்றிய நாவல்களில் போவது அதுதான்.

வாங்குவதாக இருந்தால் புத்தகத் திருவிழா வரை பொறுக்கலாம், வழக்கமாகப் பத்து சதவீதம் தள்ளுபடி கிடைக்கும்.

காவேரிப்பட்டணம் வாசகி:
ரொம்ப நன்றி. சனிக்கிழமை நூலகம் போறேன். ‘வெக்கை’ இருந்தா அது, இல்லன்னா ‘தலைமுறைகள்’. அறுபதாம் பக்கம் பார்த்துட்டு எழுதுறேன்.