சேலம் கொதிக்கும்போது ஏற்காடு ஏன் குளிர்கிறது?

கேள்வி: சூரமங்கலம் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். கத்திரி வெயிலில் சேலம் நகரம் 38, 39 பாகை செல்சியசில் தகிக்கும்போது, பேருந்தில் சற்றேறக்குறைய ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் ஏற்காட்டில் மாலையானால் மக்கள் சால்வை தேடுகிறார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. மலையோ சூரியனுக்குச் சற்று அருகிலும் இருக்கிறது. மரங்கள் மிகுதியாக இருப்பதால்தான் குளிர்ச்சி என்று பலர் சொல்கிறார்கள். அது மட்டுமே காரணமாக இருக்க முடியுமா? இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். ஜூன், ஜூலையில் கேரளத்தில் மழை கொட்டும்போது நமக்கு வெறும் காற்றுதான் வீசுகிறது. ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் இடியுடன் பெய்கிறது. இது ஏன்?

மறுமொழி: ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், ஆத்தூர்

சூரியனுக்கு அருகில் என்ற கணக்கை முதலில் விலக்கிவிடலாம். சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போது, 1,200 மீட்டர் உயர வேறுபாட்டால் எதுவும் மாறாது. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதே ஜனவரித் தொடக்கத்தில், நமக்கு மார்கழிப் பனி விழும் நாட்களில்தான்.

சூரிய ஒளியின் பெரும்பகுதி காற்றைச் சூடாக்காமல் அதனூடே புகுந்து தரையைச் சேர்கிறது. சூடான தரைதான் தன்னைத் தொட்டிருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. அந்தக் காற்று இலேசாகி மேலே எழும்போது, சுற்றிலும் அழுத்தம் குறைந்துகொண்டே போவதால் விரிவடைகிறது. விரிவதற்குத் தன் வெப்ப ஆற்றலையே செலவிடுவதால் குளிர்கிறது. சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பொட்டலத்தைப் பிரிக்காமல் எடுத்துச் சென்றால், கடைசிக் கொண்டை ஊசி வளைவைத் தாண்டும்போது அது உப்பி விறைத்திருப்பதைக் காணலாம். ஏற்காட்டில் காற்றழுத்தம் சேலத்தைவிடச் சுமார் எட்டில் ஒரு பங்கு குறைவு என்பதற்கு அதுவே சான்று.

ஈரம் செறிந்து மேகமாகாத காற்று ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் ஏறக்குறைய 10 பாகை குளிரும். வளிமண்டலத்தின் சராசரி 6.5 பாகை. ஆகவே இரண்டு ஊர்களுக்கும் இடையே 8 முதல் 12 பாகை வரை வேறுபாடு இருப்பது இயல்பே. மலைத் தரையும் வெயிலில் சூடாகத்தான் செய்கிறது. ஆனால் அது சுற்றிலும் பரந்திருக்கும் குளிர்ந்த காற்றுக்கு நடுவே நிற்கும் சிறிய பரப்பு என்பதால், அந்தச் சூட்டைக் காற்று உடனுக்குடன் வாரிக்கொண்டு போய்விடுகிறது. மரங்களின் நிழலும் அவை வெளியிடும் நீராவியும் வெப்பத்தைத் தணிப்பது உண்மைதான், ஆனால் அவை துணைக் காரணங்களே. நிலநடுக்கோட்டை ஒட்டியே இருக்கும் கீட்டோ நகரம் சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஆண்டு முழுவதும் குளுமையாக இருக்கிறது. அதே நிலநடுக்கோட்டுக்கு அருகில் கடல் மட்டத்தில் இருக்கும் சிங்கப்பூர் ஆண்டு முழுவதும் புழுங்குகிறது.

மறுமொழி: காப்பித் தோட்டக்காரர், நாகலூர்

ஆசிரியர் ஐயா சொன்ன அதே விதிதான் மழையையும் நடத்துகிறது. ஈரக் காற்று மலைமேல் ஏறிக் குளிரும்போது, அதனால் நீராவியைத் தாங்க முடியாமல் மேகமாகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளச் சரிவில் ஏறும்போது தன் ஈரத்தின் பெரும்பகுதியை அங்கேயே கொட்டிவிடுகிறது. மலையைக் கடந்து நம் பக்கம் இறங்கும்போது அழுத்தம் கூடி மீண்டும் சூடாகி, உலர்ந்த காற்றாக வந்து சேர்கிறது. ஜூன், ஜூலையில் நாம் உணர்வது அந்தக் காற்றைத்தான்.

ஆகஸ்டுக்குப் பிறகு மேற்குக் காற்று தளர்கிறது. பகலில் சமவெளி சூடாகி மேலெழும் காற்றும், வங்கக் கடல் பக்கமிருந்து வரும் ஈரமும் சேரும்போது, பிற்பகலில் மலைமுகட்டின் மேல் கார்மேகங்கள் திரள்வதை எங்கள் தோட்டத்திலிருந்தே பார்க்கலாம். சேர்வராயன் மலை அந்தக் காற்றை மேலே தூக்கிவிடுவதால் இடிமழை இங்கே எளிதில் பிறக்கிறது. மார்ச், ஏப்ரல் கோடை மழையும் இவ்வாறே வருகிறது. அது எங்களுக்கு உயிர்நாடி. ஒரு நல்ல மழை விழுந்து எட்டு, பத்து நாட்களில் காப்பிச் செடிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும். அந்த மழை தவறினால் அந்த ஆண்டு விளைச்சலே ஆட்டம் கண்டுவிடும்.

சூரமங்கலம் வாசகர்

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால், நிலநடுக்கோட்டிலிருந்து நம்மைவிட வெகுதொலைவில் இருக்கும் டெல்லி ஜூன் மாதத்தில் நம்மைவிடக் கடுமையாகக் கொதிப்பதற்கும் உயரமா காரணம்?

மறுமொழி: ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், ஆத்தூர்

அதற்குக் காரணம் பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பது. சூரியன் ஆண்டுக்கு இருமுறை சேலத்தின் உச்சிக்கு நேர் மேலே வருகிறது: சித்திரை முதல் வாரத்தையொட்டி ஒருமுறை, ஆகஸ்ட் பிற்பகுதியில் மறுமுறை. அன்று நண்பகலில் செங்குத்தாக நட்ட கம்பிக்கு நிழலே விழாது. தரை வெப்பத்தைச் சேர்த்துக்கொள்ளச் சில வாரங்கள் ஆவதால் கத்திரி மே மாதத்தில் உச்சம் பெறுகிறது. ஆகஸ்டில் மேகமும் மழையும் குறுக்கிடுவதால் அந்தச் சூடு தெரிவதில்லை. ஜூனில் சூரியன் வடக்கே கடக ரேகைக்குச் சென்றுவிடுகிறது. அப்போது நமக்குப் பகல் பன்னிரண்டே முக்கால் மணி நேரம் என்றால், டெல்லிக்கு ஏறத்தாழ பதினான்கு மணி நேரம். கடலும் தொலைவு, பருவமழையும் அங்கே ஜூன் இறுதியில்தான் எட்டுகிறது. அதுவரை இராஜஸ்தான் பக்கமிருந்து வறண்ட காற்று வீசுகிறது. ஆனால் டிசம்பரில் பகல் சுருங்கி, வெயிலும் சாய்ந்து விழுவதால், அதே டெல்லி நம்மைவிடப் பலமடங்கு நடுங்குகிறது.