வாக்கர் வாங்கிக் குடுத்தவையெல்லாம் குற்றவாளியளோ?

கோண்டாவில் அப்பு:
எங்கட குடும்பக் குறூப்பில ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. ஆர் அனுப்பினது எண்டு நான் சொல்லேல்லை, இஞ்சயும் இருக்கிறார், வாசிப்பார். சாரம் இதுதான்: "பிள்ளையை வாக்கரில இருத்திற தாய் தகப்பன் அதின்ர மூளையைத் தாங்களே மழுங்கடிக்கினம். வாக்கர்ப் பிள்ளைக்குத் தேடல் வராது, நடையும் பிந்தும். கனடாவில உது தடை."

என்ர பேத்திக்குப் பதினொரு மாதம். போன கிழமைதான் பட்டணத்தில போய் நல்ல வாக்கர் ஒண்டு வாங்கிக் குடுத்தனான். இப்ப மருமகள் அந்தக் குரல் பதிவைக் கேட்டுப்போட்டு வாக்கரைத் தூக்கி அறைக்குள்ள வைச்சிட்டா. வீட்டில கதைபேச்சில்லை.

ஒண்டு கேக்கிறன். என்ர மூண்டு பிள்ளையளும் வாக்கரில வளந்ததுகள். மூத்தவன் மொறட்டுவக் கம்பசில எஞ்சினியரிங் முடிச்சவன். நடுவிலாள் டொக்டர். கடைசி ரீச்சர். எது மழுங்கினது?

ஸ்காபுரோ மச்சான்:
அத்தான், வணக்கம். பேர் போடாமல் எழுதினாலும் நான்தான் எண்டு முழு ஊருக்கும் தெரியும், ஒளிக்க என்ன கிடக்கு.

2004 ஏப்ரலில கனடா உந்தச் சாமானைத் தடை செய்தது. விக்கேலாது, இறக்கேலாது, விளம்பரமும் போடேலாது. வீட்டு வாசலில பழஞ்சாமான் பரப்பி விக்கிறவன்கூட உதை வைக்கேலாது. அமெரிக்காவில 1990க்கும் 2014க்கும் இடையில வாக்கரால காயப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போன குழந்தையள் 2,30,000க்கு மேல. எல்லாம் 15 மாதத்துக்குக் குறைஞ்சதுகள். பத்தில ஒன்பதுக்கு அடி தலையிலயோ கழுத்திலயோ. முக்கால்வாசி படியால உருண்டது. அங்கத்தைய பிள்ளை வைத்தியர்மார் விசரிலயோ தடை கேக்கிறாங்கள்?

மற்றது, என்ர மருமக்கள் மூண்டு பேரையும் வளத்தது என்ர அக்கா. வாக்கர் இல்லை.

கோண்டாவில் அப்பு:
அங்க மேல் வீடு, நிலவறை, பதினைஞ்சு படி. இஞ்ச ஒரே தட்டுக் கல்வீடு. விறாந்தையில ரெண்டே ரெண்டு படி, அதுக்கும் பலகை அடிச்சு மறிச்சிருக்கு. கனடாப் பிள்ளை கனடாப் படியால விழுந்ததுக்குக் கோண்டாவில் பிள்ளை ஏன் தண்டனை அனுபவிக்கோணும்?

திரும்பவும் சொல்லுறன், என்ர மூண்டு பிள்ளையளும் வாக்கர்தான்.

பருத்தித்துறை வடை:
மொறட்டுவக்கு எடுபட, சோதினையில எடுத்த இசட் புள்ளியோட வாக்கர் பற்றுச்சீட்டும் காட்டோணுமோ? எனக்கு இவ்வளவு நாளும் தெரியாமப் போச்சு. என்னை அம்மா பாயில போட்டவ, அதுதான் கடை வைச்சிருக்கிறன் போல.

மருத்துவிச்சி மகள்:
ஐயா, கோபிக்காதேங்கோ. அம்மா மிட்வைஃப்பா சாவகச்சேரிப் பக்கம் கனகாலம் வேலை செய்தவ, நானும் ஒண்டரை வயசுக் குழப்படி ஒண்டோட நிக்கிறன்.

நடை பிந்துறதைப் பற்றி முதல்ல. தனிய நடக்கிறதுக்கு உலக சுகாதார நிறுவனம் தாற இடைவெளி ஏறக்குறைய 8 மாதத்தில இருந்து 17½ மாதம் வரைக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில ஓடுது எண்டு அந்தரப்படத் தேவையே இல்லை. தவழாமலே எழும்பி நடக்கிற பிள்ளையளும் இருக்கு. 18 மாதம் தாண்டியும் நடக்காட்டில் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ.

தேடல் வாறது நிலத்தில. ஒரு பாயை விரிச்சு, சட்டி மூடி, அகப்பை, வெறும் சிரட்டை ரெண்டு, பழைய சீலைத் துண்டு, இவ்வளவும் காணும். என்ர மகன் சிரட்டைக்குள்ள சிரட்டையை வைச்சு, அது இறுகினவுடன என்னைப் பாத்துக் கத்துவான். கழட்டிக் குடுத்தால் திரும்பவும் இறுக்குவான். நான் தேங்காய் திருவிற நேரம் முழுக்க உதுதான் வேலை. அவனோட கதைச்சுக்கொண்டே திருவுறன். "உது வெள்ளை, உது மட்டை, உது அம்மான்ர கை."

வீட்டைச் சுத்தி ஒருக்காப் பாருங்கோ. கிணத்துக்கட்டு உயரமோ, வாளியில தண்ணி நிக்குதோ, மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலுக்குள்ள ஊத்தி வைச்சிருக்கோ, வேலியில மஞ்சள் அலரி நிக்குதோ. அலரி விதை ஒண்டு வாய்க்குள்ள போனாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடோணும். வாக்கரைவிட உதுகளுக்குப் பயப்பிடுங்கோ.

கோண்டாவில் அப்பு:
பாத்தியளோ, மருத்துவிச்சியின்ர மகளே சொல்லிப்போட்டா, வாக்கருக்குப் பயப்பிட வேண்டாமாம்.

மருத்துவிச்சி மகள்:
நான் அப்பிடிச் சொல்லேல்லை ஐயா.

நல்லூர்த் தாய்:
சிரட்டையோ? அக்கா, முத்தத்தில சிரட்டை கிடந்தால் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. வந்து வழக்குப் போட்டுட்டுப் போவார். டெங்கு நேரம். எங்கட ஒழுங்கையில போன மாரிக்கு ரெண்டு வீட்டுக்குப் போட்டவர்.

மருத்துவிச்சி மகள்:
வீட்டுக்குள்ள தங்கச்சி, பாயில. முத்தத்தில எண்டு ஆர் சொன்னது?

நல்லூர்த் தாய்:
பிள்ளை எறியாதோ வெளியில? எங்கட ஆள் எல்லாத்தையும் எறியும்.

பருத்தித்துறை வடை:
இப்ப சிரட்டைக்கும் தடை. அடுத்தது பாய்.

கொக்குவில் ரியூசன்:
எல்லாரும் ஒருக்கா நில்லுங்கோ. பிள்ளையை நடுவில இருத்தி, சுத்திவர சில்லுப் பூட்டின பிளாஸ்ரிக் சாமானையோ கதைக்கிறியள், பிள்ளை எழும்பி நிண்டு பிடிச்சுத் தள்ளிக்கொண்டு போற மூண்டு சில்லு மர வண்டிலையோ? ரெண்டும் வேற வேற. முதல்ல அதைத் தீர்மானிச்சுப்போட்டுச் சண்டை பிடிக்கலாமே?

ஸ்காபுரோ மச்சான்:
மாஸ்டர், சண்டை ஆரும் பிடிக்கேல்லை. நான் சொல்லுறது ஒண்டுதான், 2004, கனடா, தடை.

அத்தான், அந்தச் சாமானுக்குள்ள இருக்கிற பிள்ளைக்குத் தன்ர காலே தெரியாது, முன்னுக்குத் தட்டு மறைக்கும். கீழ விழுந்த சாமானைக் குனிஞ்சு எடுக்கேலாது. ஒரு செக்கனில மூண்டு அடி போயிடும், நீங்கள் கதிரையால எழும்ப முதல். உதில என்ன தேடல்?

கோண்டாவில் அப்பு:
தேடலோ? மருமகள் ஒளிச்சு வைக்க முதல் நாள் பேத்தி வாக்கரோட நேர குசினிக்குப் போய், அரிசிச் சாக்குக்குள்ள முழங்கை வரைக்கும் கையை விட்டு, அள்ளி அள்ளிக் கீழ விட்டவள். பேந்து சத்தத்தைக் கேட்டுச் சிரிக்கிறாள். கையைத் துடைச்சுவிட வெள்ளை மா. உது தேடலில்லாமல் வேற என்ன? நீர் ஸ்காபுரோவில காசு குடுத்து வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிறதை என்ர பேத்தி சும்மா கண்டுபிடிச்சிட்டாள்.

ஸ்காபுரோ மச்சான்:
அரிசிச் சாக்கில இருந்து அடுப்பு எவ்வளவு தூரம் அத்தான்?

கோண்டாவில் அப்பு:
அரிசியைப் பற்றித்தான் கதைக்கிறன்.

ஸ்காபுரோ மச்சான்:
அடுப்பு எவ்வளவு தூரம்?

கோண்டாவில் அப்பு:
அந்த வீட்டில உம்மட அக்கா முப்பது வருசமாச் சமைக்கிறா. வருசத்தில ஒருக்கா நல்லூர்க் கொடியேத்தத்துக்கு வந்து, நாலு கிழமை நிண்டு, அவவின்ர கையால கணவாய்க் கறி சாப்பிட்டிட்டுப் போற நீர் குசினி அளவு கேக்கிறீரோ?

பருத்தித்துறை வடை:
கொடியேத்தத்துக்குக் கணவாயோ?

கோண்டாவில் அப்பு:
திருவிழா முடிஞ்ச பிறகு.

நல்லூர்த் தாய்:
நான் உண்மையா ஒண்டு கேக்கோணும், கோபிக்காதேங்கோ. வாக்கரும் வேண்டாம் எண்டால், நான் சமைக்கிற நேரம் என்ன செய்யிறது? இவர் கொழும்பில வேலை, மாமிக்கு முழங்கால் ஏலாது. போனைக் குடுத்தால்தான் சோறும் இறங்குது. பாட்டு நிண்டால் வாயை மூடிப்போடுவான்.

மருத்துவிச்சி மகள்:
எத்தினை வயசு?

நல்லூர்த் தாய்:
ஒண்டே முக்கால்.

மருத்துவிச்சி மகள்:
ரெண்டு வயசு முடியும் வரைக்கும் திரை வேண்டாம், அதுக்குப் பிறகும் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்குள்ள எண்டு 2019ல உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நாள் முழுக்கச் சேத்துப் பாத்தால் மூண்டு மணித்தியாலம் எண்டாலும் பிள்ளை ஓடி ஆடித் திரியோணும் எண்டும் சொல்லுது.

போனை நிப்பாட்டின முதல் ரெண்டு மூண்டு நாளைக்கு வீடு அமர்க்களப்படும், சாப்பாடும் குறையும். பசிச்சால் பிறகு சாப்பிடுவான். அவனையும் உங்களோட சேத்து இருத்தி, அவன்ர கோப்பையில ரெண்டு பருப்பு, வெண்டிக்காய்த் துண்டு, உறைப்பில்லாத கறி, தானே பிசைஞ்சு தின்னட்டும். நிலம் நாசமாகும். பிறகு கழுவலாம்.

ஸ்காபுரோ மச்சான்:
இஞ்சயும் உதைத்தான் சொல்லுறவை.

கோண்டாவில் அப்பு:
இஞ்சயும் அஞ்சயும் எண்டு நீர் ஒட்டிக்கொள்ள வேண்டாம். உம்மட மகன் நல்லூருக்கு வந்து நிண்ட நாலு கிழமையும் ஐபாட்டால தலை நிமிராதவன். தேரையே நிமிந்து பாக்கேல்லை. வாக்கர் தடையாம், ஐபாட் தாராளமாம்.

ஸ்காபுரோ மச்சான்:
அவனுக்குப் பன்ரெண்டு வயசு அத்தான். நாங்கள் குழந்தையைப் பற்றிக் கதைக்கிறம்.

கோண்டாவில் அப்பு:
வாக்கர் இல்லாமல் வளந்த பிள்ளைதானே? நான் அதைத்தான் சொல்லுறன்.

என்ர பேத்திக்கு முதற் பல்லு முளைச்சுப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டின நாள், தட்டில புத்தகம், பேனை, சங்கிலி, கத்தரிக்கோல், கண்ணாடி எல்லாம் வைச்சது. நேரப் போய்ப் பேனையைத் தூக்கினாள். தேடலில்லாத பிள்ளை பேனையைத் தூக்குமோ?

ஸ்காபுரோ மச்சான்:
வீடியோ எனக்கும் வந்தது. பேனை மடியில முட்டுது, சங்கிலி தட்டின்ர அந்தத் தொங்கலில கிடக்கு. தட்டைத் திருப்பிவிட்ட கையில உங்கட மணிக்கூடு.

பருத்தித்துறை வடை:
அந்த வீடியோவை இஞ்ச போடேலாதோ? பரிசோதனைக்கு.

கொக்குவில் ரியூசன்:
கோண்டாவில் ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். உங்கட மூத்தவர் பிறந்தது எப்ப?

கோண்டாவில் அப்பு:
92. ஏன்?

கொக்குவில் ரியூசன்:
92, 93ல இஞ்ச யாழ்ப்பாணத்தில பொருளாதாரத் தடை. பற்றரியே விடாத காலம். சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டனாங்கள். பிளாஸ்ரிக் வாக்கர் எந்தக் கடையில வாங்கினனீங்கள்?

கோண்டாவில் அப்பு:
கடையில வாங்கினது எண்டு நான் எங்க சொன்னான்? தச்சாசாரியார் பூவரசில கடைஞ்சு தந்தவர். மூண்டு சில்லு, பிடிக்கிறதுக்கு ஒரு குறுக்குச் சட்டம். மூத்தவன் தள்ளினது, பிறகு நடுவிலாள், பிறகு கடைசி. இண்டைக்கும் பரணில கிடக்கு, ஒரு சில்லு மட்டும் காணேல்லை.

ஸ்காபுரோ மச்சான்:
அத்தான்!! அது வாக்கரே இல்லை! பிள்ளை தன்ர காலில நிண்டு தள்ளினது!

கோண்டாவில் அப்பு:
சில்லு இருந்தது, பிள்ளை நடந்தது. உமக்கு வேற என்ன வேணும்? என்ர மூண்டு பிள்ளையளும் வாக்கரில வளந்ததுகள், இதை நான் எத்தினை தரம் சொல்லுறது?

கொக்குவில் ரியூசன்:
நான் இதைத்தானே முதல்ல கேட்டனான்.

ஸ்காபுரோ மச்சான்:
மாஸ்டர், தள்ளுவண்டில் எண்டாலும் எனக்கு நம்பிக்கையில்லை, அதுவும் வழுக்கும். சில்லு எண்டாலே ஆபத்து.

மருத்துவிச்சி மகள்:
பாரம் கூடின தள்ளுவண்டில், மண் தரை, பக்கத்தில ஒராள் எண்டால் பெரிய பிரச்சினை இல்லை அண்ணை. உள்ளுக்க இருத்திற சாமான்தான்...

கோண்டாவில் அப்பு:
தங்கச்சி, உங்கட அம்மா எந்தக் காலம் சாவகச்சேரியில வேலை செய்தவ? எங்கட நடுவிலாளுக்குத் தடுப்பூசி போட அங்கதான் கொண்டுபோனது, 95 இடப்பெயர்வோட. வரிசையில விடியத் தொடக்கம் நிண்டது.

மருத்துவிச்சி மகள்:
95லயும் அம்மா அங்கதான் ஐயா. சனம் வந்து குவிஞ்ச நேரம் பள்ளிக்கூடத்துக்குள்ள வைச்சுப் போட்டவை எண்டு சொல்லுவா.

கோண்டாவில் அப்பு:
அப்ப அவவாத்தான் இருக்கோணும். நல்ல கை. பிள்ளை அழேல்லை. அவவைக் கேட்டுப்பாருங்கோ வாக்கரைப் பற்றி.

மருத்துவிச்சி மகள்:
கேட்டனான். வேண்டாமாம்.

கோண்டாவில் அப்பு:
வயசு போட்டுது, பாவம்.

நல்லூர்த் தாய்:
ஐயா, மருமகள் அறைக்குள்ள வைச்சிருக்கிற அந்த வாக்கர் சும்மாதானே கிடக்கு? விக்கிற எண்ணமிருந்தால் சொல்லுங்கோ.

ஸ்காபுரோ மச்சான்:
விக்கேலாது! அதைத்தானே இவ்வளவு நேரமும் சொல்லுறன்!

கோண்டாவில் அப்பு:
இது ஸ்காபுரோ இல்லை தம்பி, நான் விப்பன், சும்மாவும் குடுப்பன். ஆனா குடுக்கமாட்டன், பேத்திக்கு வேணும்.

உமக்குப் பிள்ளையளில அவ்வளவு அக்கறை எண்டால், சனசமூக நிலையத்துக்கு நீர் அனுப்பின காசில போட்ட ஊஞ்சலை ஒருக்கா வந்து பாரும். சங்கிலி கறள் பிடிச்சு அறுந்து ரெண்டு வருசம். சறுக்கில தகரம் கிழிஞ்சு நிக்குது. வாக்கர் ஆபத்தாம், உம்மட சறுக்கு வெட்டாதோ?

ஸ்காபுரோ மச்சான்:
காசு அனுப்பினது நான், பராமரிக்கிறது நிர்வாகம். நிர்வாகத்தில பொருளாளர் ஆர் அத்தான்?

பருத்தித்துறை வடை:
ஆர்?

கோண்டாவில் அப்பு:
பொருளாளர் கணக்கு வைக்கிறவர், கறள் சுரண்டுறவர் இல்லை.

ஸ்காபுரோ மச்சான்:
ஊஞ்சலடியில நட்ட கல்லில என்ர பேரைக்கூட ஒழுங்கா வெட்டேல்லை. அப்பான்ர முதலெழுத்தை மாத்திப்போட்டியள். அதை நான் இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்லை.

கோண்டாவில் அப்பு:
நீர் எழுதி அனுப்பினபடிதான் வெட்டினது. அந்தக் கடிதம் என்னட்டக் கிடக்கு.

ஸ்காபுரோ மச்சான்:
கடிதத்தைப் போடுங்கோ பாப்பம். அடுப்பு எவ்வளவு தூரம் எண்டதுக்கும் இன்னும் பதிலைக் காணேல்லை.

கோண்டாவில் அப்பு:
கரண்ட் போட்டுது. வந்தவுடன போடுறன். என்ர மூண்டு பிள்ளையளும்