புதுப்பிப்பு: 'டிக் டிக்' சத்தத்தின் காரணம் கிடைத்துவிட்டது

காலையில் டீசல் பிக்கப்பைக் கிளப்பியதும் 'டிக் டிக்' சத்தம் வருகிறது, எஞ்சின் சூடானதும் அடங்குகிறது என்று எழுதியிருந்தேன். சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்தான் காரணம் என்று தீர்ப்பும் சொல்லியிருந்தேன். தவறு.

எஞ்சின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனரில் 3-வது சிலிண்டருக்கு டீசல் பீச்சுவதை நிறுத்தியபோது சத்தம் குறைந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது. எரிதல் நின்றால் புகையழுத்தமும் குறையும் என்பது மண்டையில் உறைக்கவில்லை. ரப்பர் குழாயைக் காதில் வைத்துத் தேடியபோது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்) ஓரம் பிடிபட்டது. அங்கே கரிப்படலம், அதை எஞ்சினோடு இறுக்கும் ஒரு ஸ்டட் (மரையுள்ள கம்பி) முறிந்திருந்தது. அந்த இடைவெளியில் புகை கசிந்த சத்தம்தான் அது. உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்ததால்தான் பிறகு அமைதி.

இன்ஜெக்டர் குழாயைத் தளர்த்திப் பார்க்கச் சொன்ன நண்பருக்கு: எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் தரும் பொதுக்குழாயான காமன் ரெயிலில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும், பீறிடும் டீசல் தோலையே துளைக்கும். நல்லவேளை, தொடவில்லை.

ஸ்டட், இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் இரண்டும் மாற்றியாயிற்று. இன்று காலை சத்தமில்லை.