குடிக்க ஒரு பெட்டி, விற்க ஒரு பெட்டி: ஒயின் சேர்ப்போரின் அனுபவப் பகிர்வு

லண்டன் உறுப்பினர்

ஒயினை ரசித்துக் குடிப்பவரும் அதை முதலீடாக வாங்கி வைப்பவரும் ஒரே ஆளாக இருக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்றுதான் சொல்வேன். ஆனால் இரண்டும் ஒரே பெட்டியில் நடக்காது. இங்கிலாந்தில் நெடுநாளாகப் புழங்கும் வழக்கம், பிரான்ஸின் போர்தோ வட்டாரத்துப் பிடித்தமான சிவப்பு ஒயினில் இரண்டு பெட்டிகள் வாங்கி, ஆண்டுகள் கழித்து விலை ஏறியதும் ஒன்றை விற்று, மற்றதைச் செலவில்லாமல் குடிப்பதாகும். நானும் அதையே பின்பற்றி வருகிறேன்.

போர்தோவில் வாங்கும் முறையே விசித்திரமானது. அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில், ஒயின் இன்னும் ஓக் பீப்பாயில் கிடக்கும்போதே தோட்டத்தார் விலை அறிவித்துவிடுகிறார்கள். நெகோசியான் எனப்படும் மொத்த வணிகர் வழியாக லண்டன் வணிகரிடமும், அவரிடமிருந்து நம்மிடமும் அது வந்து சேர்கிறது. அதாவது ரசீது வந்து சேர்கிறது, பாட்டில் வர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். 'ஆன் ப்ரிமர்' என்னும் இந்த முறையில் முன்பணம் கட்டுகிறவருக்கு உரிய ஆதாயம் விலைக் குறைவு ஒன்றுதான். 2009, 2010 ஆகிய இரு சிறந்த அறுவடைகளுக்கும் வைக்கப்பட்ட விலையில் அந்த ஆதாயம் கரைந்துபோனது. 2010ஐ முன்கூட்டியே வாங்கிய பலர், பாட்டில் சந்தைக்கு வந்த பிறகும் அதே விலைக்கோ அதற்குக் கீழோ அது கிடைப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். முதல் தரத்து ஐந்து தோட்டங்களுள் ஒன்றான ஷத்தோ லத்தூர், 2012இல் இந்த முறையிலிருந்தே விலகி, இனி ஒயினைத் தன் நிலவறையில் முதிரவைத்தே விற்பதாக அறிவித்தது.

முதல் தரம் என்று நாம் மதிக்கும் இந்த வரிசை, 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சிக்காகத் தரகர்கள் போட்டது. அவர்கள் அதற்கு ஆதாரமாகக் கொண்டது நாவை அல்ல, பல ஆண்டு விலைப் பதிவை. 1973இல் மூத்தோன் ரோத்ஷீல்ட் இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு ஏறியது ஒன்றே அதில் நிகழ்ந்த பெரிய மாற்றம். ஆகவே முதலீட்டாளர்கள் முதல் தரத்தைத் துரத்தட்டும். நான் அதன் கடைசித் தரமான ஐந்தாம் தரத்தில், போயாக் ஊரின் க்ரான் புயி லகோஸ்த் போன்றவற்றைத் தேடுகிறேன். ஏறினால் விற்கலாம், ஏறாவிட்டாலும் கை நடுங்காமல் திறக்கலாம்.

விற்பதற்கான என் பெட்டியை நான் கண்ணால் கண்டதில்லை. வில்ட்ஷயரில் கோர்ஷம் என்னும் ஊரில், கட்டடக் கல் வெட்டியெடுத்த பழைய சுரங்கம் ஒன்று இன்று ஒயின் கிடங்காக இருக்கிறது. அதனுள்ளே, தீர்வை செலுத்தப்படாத சரக்காக, மூடிய மரப்பெட்டியில் அது கிடக்கிறது. வெளியே எடுத்தால் கலால் தீர்வையும் 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியும் கட்ட வேண்டும். அதைவிடப் பெரிய இழப்பு, வீட்டுக்கு ஒருமுறை வந்துபோன பெட்டியை எந்த வணிகரும் பழைய மதிப்பில் வாங்கமாட்டார். மூலதன ஆதாய வரி இல்லை என்று விற்பனையாளர்கள் சொல்வது பாதி உண்மை: ஐம்பது ஆண்டுக்குள் தீர்ந்துபோகும் பொருள் என்று கருதக்கூடிய ஒயினுக்கே அந்த விலக்கு, அதற்கு மேலும் வாழக்கூடிய உயர்ந்த ஒயினுக்கு வரித்துறை அதை மறுக்கலாம்.

குடிப்பதற்கான பெட்டியின் சுகமே வேறு. இளமையில் நாக்கை இறுக்கிப் பிடிக்கும் துவர்ப்பு, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தளர்ந்து, பழ வாசம் பின்வாங்கி, தேவதாருப் பலகையும் புகையிலையும் ஈர மண்ணும் முன்வருவதை, ஒரே பெட்டியிலிருந்து ஆண்டுக்கொன்றாகத் திறந்து பின்தொடர்வது போன்ற பொழுதுபோக்கை நான் வேறெதிலும் கண்டதில்லை. ஒற்றைப் பாட்டில் வாங்குபவருக்கு இது வாய்க்காது.

சிங்கப்பூர் உறுப்பினர்

மேலே நண்பர் எழுதியதோடு வெப்பத்தைப் பற்றி ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எங்களூர் வெயிலில், குளிரூட்டி இல்லாத அலமாரியில் சில மாதங்கள் நின்ற நல்ல ஒயினைச் சுவைத்திருக்கிறேன். தக்கை சற்றே மேலெழும்பி, உறைக்குள் கசிந்து, பழத்தின் புதுமை போய்க் காய்ச்சிய ஜாமின் சுவை வந்திருந்தது. 12 முதல் 14 பாகை வெப்பமும், தக்கை காயாத ஈரப்பதமும், இருட்டும் வேண்டும். வீட்டிலுள்ள ஒயின் குளிர்பெட்டி குடிக்கும் அளவுக்குப் போதும்; முதலீட்டுக்கு வாங்கியதை ஐரோப்பாவை விட்டே நகர்த்தாதிருப்பதுதான் எனக்குச் சரியாகப்படுகிறது.

ஹாங்காங் உறுப்பினர்

முதலீடு என்னும் சொல்லின் முழு வேகத்தையும் நான் 2008க்கும் 2011க்கும் இடையே இந்த நகரத்தில் பார்த்தேன். 2007 தொடக்கம் வரை 80 விழுக்காடாக இருந்த ஒயின் தீர்வையை அரசு முதலில் பாதியாகக் குறைத்து, 2008 பிப்ரவரியில் அறவே நீக்கியது. அதன்பின் ஏலக் கூடங்கள் நியூயார்க்கையும் லண்டனையும் விட்டு இங்கே திரும்பின. எல்லாரும் கேட்டது போர்தோவின் முதல் தரத்துத் தோட்டமான ஷத்தோ லஃபீத் ஒன்றையே. 2010 அக்டோபரில், தோட்டத்தின் சொந்த நிலவறையிலிருந்து வந்த 1869ஆம் ஆண்டு லஃபீத் மூன்று பாட்டில்கள், சோதபீஸ் ஏலத்தில் ஒவ்வொன்றும் 2 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் போயின. அதே மாதத்தில், 2008ஆம் ஆண்டு லஃபீத் பாட்டிலின் கழுத்துக்கீழ் சீன எழுத்தில் எட்டு பொறிக்கப்படும் என்ற அறிவிப்பு வந்ததும் அதன் விலை தாவியது. எட்டு இங்கே மங்கல எண். உள்ளே இருந்த திரவத்தில் ஒரு துளிகூட மாறவில்லை என்பதை அப்போது யாரிடம் சொல்வது?

அந்த ஆண்டுகளில் விருந்துகளில் எனக்கும் லஃபீத் ஊற்றினார்கள். நல்ல ஒயின், ஆனால் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் பேசியது விலையைப் பற்றி மட்டுமே. 2011 நடுவில் உச்சம் தொட்ட சந்தை, அதன்பின் ஆண்டுக்கணக்கில் இறங்கியது. விலை ஏறும்போது வாங்குபவர் வரிசையில் நிற்கிறார். இறங்கும்போது பங்குச் சந்தையைப் போல் உடனே விற்றுவிட்டு வெளியேற முடியாது, தரகர் உங்கள் பெட்டியைப் பட்டியலில் போட்டுவிட்டுக் காத்திருக்கச் சொல்வார். 2022 இறுதியிலிருந்து வந்த சரிவிலும் அதையே கண்டேன். லண்டன் நண்பர் ஐந்தாம் தரத்தோடு நிறுத்திக்கொள்வதன் பொருள் அப்போதுதான் விளங்கும்: திறக்க மனம் வராத விலைக்கு வாங்கிய பெட்டியை 'எப்படியும் குடித்துக்கொள்ளலாம்' என்று சொல்வது வெறும் வாய்ச்சொல்.

நியூயார்க் உறுப்பினர்

ஏலத்தில் வாங்குவோர் பாட்டிலின் வரலாற்றைக் கேட்க வேண்டும் என்பதற்கு இந்த ஊரே சாட்சி. 2008இல் இங்கே ஏலத்துக்கு வந்த, பிரான்ஸின் பர்கண்டி வட்டாரத்துப் போன்சோ குடும்பத்தின் க்ளோ சான் தெனி என்னும் தோட்டத்துப் பாட்டில்களில் 1945 முதலான ஆண்டுகள் அச்சிடப்பட்டிருந்தன. அந்தத் தோட்டத்து ஒயினை அக்குடும்பம் தயாரிக்கத் தொடங்கியதோ 1980களில். அக்குடும்பத்தைச் சேர்ந்த லொரான் போன்சோ பர்கண்டியிலிருந்து நேரில் வந்து அவற்றை விலக்கச் செய்தார். அவற்றைக் கொடுத்த ரூடி குர்னியாவான் 2012இல் கைதாகி, 2014இல் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். கலிபோர்னியாவில் தன் வீட்டிலேயே மலிவான ஒயின்களைக் கலந்து பழைய பெயர்களை ஒட்டியவர் அவர்.

இந்த வழக்குக்குப் பின், முந்தைய உரிமையாளர்கள் யார், எந்தக் கிடங்கில் இருந்தது என்ற சான்று இல்லாத பழைய பாட்டிலுக்கு நான் விலை கேட்பதில்லை. பாட்டிலின் தோளுக்குக் கீழே ஒயின் இறங்கியிருந்தால் தக்கை வழியே காற்று புகுந்திருக்கும் என்று கொள்வேன். நாற்பது ஆண்டுப் பாட்டிலில் அளவு கழுத்துவரை நிறைந்து, மேலே ஒட்டிய பெயர்த்தாளும் புதிதாக இருந்தால் அதைவிட அதிகமாகச் சந்தேகிப்பேன்.