சம்பந்தியம்மாவுக்கு எந்த விகுதி?

வெள்ளிக்கிழமை, குடும்பக் குழு

கதிர் (காலை 6:40): எங்கள் நிச்சயதார்த்தத்துக்காக லூசியாவின் அப்பாவும் அம்மாவும் மெக்சிகோவின் புவெப்லாவிலிருந்து கிளம்பிவிட்டார்கள். நாளை பிற்பகல் 3 மணிக்குச் சிங்கப்பூர் சாங்கியில் இறங்குகிறார்கள். லூசியாவுக்கு மாலை 6 வரை பணி. அதுவரை மொழிபெயர்க்க ஆள் இல்லை. அவள் அம்மாவுக்கு ஆங்கிலம் அறவே வராது. விமான நிலையத்துக்கு யார் வருகிறீர்கள்?

ஜூரோங் மாமா: எந்த முனையம்?

யீஷூன் அத்தை: என் பெரிய தூக்கு யாரிடம் இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை சாம்பார் எதில் கொண்டுவருவது?

பெரியப்பா: எல்லாருக்கும் காலை வணக்கம். நூலகத்தில் எடுத்த ஸ்பானிய மொழிப் புத்தகத்தோடு இரண்டு மாதமாக உட்கார்ந்திருக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன். பயப்பட வேண்டாம். ஸ்பானிய வினை நம் வினையைப் போலத்தான் நடக்கிறது. 'பேசுகிறேன்' என்றால் 'நான்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, கடைசியில் வரும் 'ஏன்' விகுதியே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். அங்கேயும் அதே கதை. 'ஆப்லார்' என்றால் பேசுதல். கடைசி 'ஆர்' போய் 'ஓ' வந்தால் ஆப்லோ, பேசுகிறேன். ஆப்லாஸ், பேசுகிறாய். ஆப்லா, பேசுகிறான். ஆப்லாமோஸ், பேசுகிறோம். ஆப்லான், பேசுகிறார்கள். எழுதும்போது முன்னால் எச் என்ற எழுத்து இருக்கும், வாயில் வராது. 'ஆர்' முடிவுள்ள வினைகளில் பெரும்பாலானவை இதே தடத்தில் போகும்.

கதிர் அம்மா: சரி அத்தான்.

ஜூரோங் மாமா: பேசுகிறான் சரி. பேசுகிறாள்?

பெரியப்பா: அதுவும் ஆப்லாதான். வந்தான், வந்தாள், வந்தது என்று நாம் பிரித்து வைத்திருப்பதை அவர்கள் வினையில் பிரிப்பதில்லை. அதேபோல 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு என்ற நம் வழக்கமும் அங்கே இல்லை. எதிரில் இருப்பவரைச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் ஒரே சொல்.

யீஷூன் அத்தை: நம் மொழியில் இருக்கிறது. 2003இல் அங் மோ கியோ வீட்டுப் புதுமனை புகுவிழாவில் நாங்கள் உள்ளே நுழைந்ததும் 'நாங்கள் சாப்பிட்டுவிட்டோம்' என்று சொன்னது யார் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த 'நாங்கள்' என்பதில் என் வீட்டுக்காரர் இல்லை.

கதிர் அம்மா: காலையிலேயே எதற்கு அது?

ஜூரோங் மாமா: சமூக மன்றத்து அறைச் சாவியை யார் வாங்குகிறார்கள்?

நிலா: சாவி நான். பெரியப்பா, எங்கள் வீட்டில் ஒரு விபத்தே நடந்துவிட்டது. போன ஞாயிறு வீடியோ அழைப்பில் அம்மா இட்லித் தட்டைத் தூக்கிக் காட்டி 'கோமோ? கோமோ?' என்று கேட்டார்கள். லூசியாவின் அம்மா காதைப் பக்கத்தில் கொண்டுவந்து 'மாந்தே?' என்றார். மாங்காய் கேட்கிறார் என்று நினைத்து நம் அம்மா ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்துவந்து மூடியைத் திறந்து கேமரா முன்னால் பிடித்தார்கள். எண்ணெய் வடிந்து திரை முழுவதும் மஞ்சள்.

பெரியப்பா: 'கோமோ' என்றால் சாப்பிடுகிறேன். கிட்டத்தட்ட அதே ஒலியில் 'எப்படி' என்றும் ஒரு சொல் இருக்கிறது. அவர் குழம்பிப்போய், 'என்ன சொன்னீர்கள்' என்பதற்கு மெக்சிகோவில் மரியாதையாகச் சொல்லும் 'மாந்தே'யைச் சொல்லியிருக்கிறார். தவறு விகுதியில்தான். 'சாப்பிட்டீர்களா' என்று ஒருவரைக் கேட்க 'யா கோமியோ?', இருவரையும் சேர்த்துக் கேட்க 'யா கோமியேரோன்?'. இது இறந்தகாலம். தொடக்கப் பாடத்தில் இது வராது, ஆனால் நமக்கு இது இல்லாமல் முடியாது.

கதிர் அம்மா: ஆமாம் அத்தான். பெண்ணைப் பெற்றவர் முதல்முறையாக வீட்டுக்கு வருகிறார். சாப்பிட்டீர்களா என்று என் வாயால் கேட்காமல் வேறு யாரைக் கேட்கச் சொல்வேன்? யா கோமியேரோன். பத்து முறை எழுதிப் பார்த்துவிட்டேன்.

கதிர்: அம்மா, 'நீ' என்று மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள். 'தூ' வேண்டாம். 'உஸ்தேத்'.

பெரியப்பா: நல்ல வேளை நினைவூட்டினாய். தூ என்றால் நீ. உஸ்தேத் என்றால் மரியாதை. ஆனால் உஸ்தேதுக்குத் தனி விகுதி கிடையாது, படர்க்கை விகுதியே வரும். எதிரில் நிற்பவரையே 'ஐயா எப்போது வந்தார்?' என்று கேட்பார்களே, அந்தப் பணிவு. இரண்டு பேர் என்றால் 'உஸ்தேதெஸ்', வினை ஆப்லான். புத்தகத்தில் 'ஆப்லாயிஸ்' என்று இன்னொரு வரி இருக்கும். அது ஸ்பெயினில் நெருங்கியவர்கள் பலரைப் பார்த்துச் சொல்வது, மெக்சிகோவில் பேச்சில் வராது. நூலகப் புத்தகம் என்பதால் அடிக்கவில்லை. எல்லாப் பக்கத்திலும் அந்த வரியின்மேல் தாள் துண்டு வைத்து மறைத்திருக்கிறேன்.

யீஷூன் அத்தை: தூக்கு?

பெரியப்பா: இன்னும் ஒன்று. 'சாப்பிடுங்கள்' என்று இருவரையும் உபசரிக்க 'கோமான்'. கோமேன் என்றால் சாப்பிடுகிறார்கள். அந்த 'ஏ' உபசரிப்பில் 'ஆ' ஆகிறது. முதல் எழுத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். விருந்தாளியைக் கோமான் என்றே கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டால் மறக்காது. 'ஆர்' வினையில் இதற்கு நேர்மாறாக 'ஏ' வரும். உள்ளே வாருங்கள் என்பதற்கு 'பாசேன்'. வாசலில் நின்று 'பாசேன், எஸ்தா எஸ் சு காசா' என்று சொல்லுங்கள்.

ஜூரோங் மாமா: காசா? சீட்டுக் காசை மார்ச்சிலேயே கொடுத்துவிட்டேன். அக்காவைக் கேளுங்கள்.

நிலா: மாமா, காசா என்றால் வீடு. 'இது உங்கள் வீடு'.

கதிர் அம்மா: பாதிதான் கொடுத்தாய் தம்பி.

ஜூரோங் மாமா: மீதியை ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்வோம்.

யீஷூன் அத்தை: ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம்.

நிலா: அம்மா தன்னை எப்படி அறிமுகம் செய்துகொள்வது?

பெரியப்பா: 'சோய் லா மமா தே கதிர்.' நாம் 'நான் கதிரின் அம்மா' என்று வினையே இல்லாமல் சொல்லி முடித்துவிடுகிறோம். அவர்களுக்கு அங்கே ஒரு வினை வேண்டும். அதிலும் இரண்டு இருக்கிறது. அம்மா என்பது மாறாது, அதனால் 'சோய்'. களைப்பாக இருக்கிறேன் என்பது தூங்கி எழுந்தால் போய்விடும், அதனால் 'எஸ்தோய்'. இந்த அளவுகோல் எல்லா இடத்துக்கும் பொருந்தாது, நாளைக்குப் போதும். விமானத்திலிருந்து இறங்கியதும் 'எஸ்தான் கான்சாதோஸ்?', களைப்பாக இருக்கிறீர்களா என்று கேளுங்கள்.

ஜூரோங் மாமா: அக்கா மமா என்றால் நான் யார்?

பெரியப்பா: நீங்கள் 'தியோ'. சோய் எல் தியோ தே கதிர்.

ஜூரோங் மாமா: தியோ. நன்றாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மீன் தலைக்கறிக்குச் சொல்லிவிடட்டுமா?

யீஷூன் அத்தை: நிச்சயதார்த்தத்தில் மீனா? சைவம் என்று எப்போதோ பேசியாயிற்று.

கதிர்: லூசியாவின் அப்பாவுக்கு மீன் மிகவும் பிடிக்கும்.

பெரியப்பா: 'லே குஸ்தா எல் பெஸ்காதோ.' இதைக் கவனியுங்கள், எனக்குப் புத்தகத்தில் மிகப் பிடித்த இடம். 'அவருக்கு மீன் பிடிக்கும்' என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதை அவர்களும் அப்படியே சொல்கிறார்கள். மே குஸ்தா, எனக்குப் பிடிக்கும். தே குஸ்தா, உனக்குப் பிடிக்கும். வினை ஆளைப் பார்ப்பதில்லை, பிடித்த பொருளைத்தான் பார்க்கிறது. ஒரு வடை என்றால் குஸ்தா, பல வடை என்றால் குஸ்தான். ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். நமக்கு இது பிறந்த வீடு. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நிலா: பெரியப்பா, குரல் பதிவாக அனுப்புங்கள். எழுதிப் படித்தால் உச்சரிப்பு வராது.

ஜூரோங் மாமா: மீன் வேண்டுமா வேண்டாமா?

கதிர் அம்மா: மறுநாள் மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாமா?

யீஷூன் அத்தை: அது உங்கள் விருப்பம் அண்ணி.

கதிர்: காரில் யார் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. என் நண்பனின் வண்டியில் பெட்டி நான்கு கொள்ளாது.

யீஷூன் அத்தை: எங்கள் வண்டியில் கொள்ளும். அவர்தான் ஓட்ட வேண்டும்.

பெரியப்பா: மாப்பிள்ளை வந்தால் நான் முன்னால் உட்கார்ந்து வழியெல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவேன்.

யீஷூன் அத்தை: அதை அவரிடம் நீங்களே கேளுங்கள் அண்ணா.

பெரியப்பா: கேட்கிறேன். இன்று மாலை வீட்டில் இருப்பாரா?

ஜூரோங் மாமா: எந்த முனையம் என்று கேட்டிருந்தேன்.

நிலா: அத்தை, தூக்கு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மூடியை மட்டும் காணவில்லை.